காந்தியடிகளின் இடுப்புக் கடிகாரம்

மாணவர்களே, காந்தியடிகளின் படம் ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். வட்டக் கண்ணாடி, கைத்தடி, முழங்கால் அளவு வேட்டி, தோல் செருப்பு. இவை எல்லாருக்கும் நினைவுக்கு வரும். பல படங்களில் இன்னொரு பொருளும் இருக்கும். இடுப்பு வேட்டியின் ஓரத்தில் ஒரு பழைய பாக்கெட் கடிகாரம் தொங்கிக்கொண்டிருக்கும்.

தமக்கென்று சொத்து வேண்டாம் என்று வாழ்ந்தவர் அவர். தங்கத்தைத் துறந்தார், சட்டையையும் துறந்தார். கடிகாரத்தை மட்டும் துறக்கவில்லை. ஏன்? அந்தப் பழைய கடிகாரம் எந்த அளவுக்குச் சரியான நேரத்தைக் காட்டியிருக்கும்? இந்த இரண்டு கேள்விகளோடு அவருடைய வாழ்க்கையை ஒருமுறை நடந்து பார்ப்போம்.

மேகம் ஏமாற்றிய மாலை

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். படித்தது ராஜ்கோட்டில். கூச்ச சுபாவம் உள்ள பையன். பள்ளி மணி அடிக்கும்போது உள்ளே போவார். விட்டதும் யாருடனும் பேசாமல் வீட்டுக்கு ஓடிவிடுவார்.

உயர்நிலைப் பள்ளியில் கிமி என்ற தலைமையாசிரியர் இருந்தார். கண்டிப்பானவர். மேல்வகுப்பு மாணவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பைக் கட்டாயமாக்கினார். மோகன்தாஸுக்கோ பள்ளி முடிந்ததும் நோயாளித் தந்தைக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்ற எண்ணம். ஆனாலும் விதிக்குக் கட்டுப்பட்டார்.

ஒரு சனிக்கிழமை பள்ளி காலையில் மட்டும் நடந்தது. மாலை 4 மணிக்கு உடற்பயிற்சிக்காக வீட்டிலிருந்து திரும்பி வர வேண்டும். அவரிடம் கடிகாரம் இல்லை. சூரியனைப் பார்த்து நேரம் கணிக்கலாம் என்றால், அன்று வானம் மேகமூட்டமாக இருந்தது. நேரம் இருக்கிறது என்று நினைத்துத் தந்தையின் அருகில் இருந்துவிட்டார். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாணவர்கள் எல்லாரும் கலைந்து போயிருந்தார்கள்.

மறுநாள் தலைமையாசிரியர் வருகைப் பதிவைப் பார்த்துக் காரணம் கேட்டார். நடந்ததை அப்படியே சொன்னார் மோகன்தாஸ். தலைமையாசிரியர் நம்பவில்லை, ஓரணாவோ இரண்டணாவோ அபராதம் விதித்துவிட்டார். அபராதத் தொகை பெரிதல்ல. பொய் சொன்னவன் என்ற பெயர்தான் அந்தச் சிறுவனைச் சுட்டது. தான் சொன்னது உண்மை என்று நிரூபிக்க அவரிடம் ஒன்றுமே இல்லை. அழுதார். உண்மை பேசுகிறவன் கவனமாகவும் இருக்க வேண்டும் என்பதை அன்று உணர்ந்ததாகப் பின்னாளில் தம் சுயசரிதையில் எழுதினார். கவனக்குறைவாக இருந்தால் உண்மைகூடப் பொய்போல் தெரியும் என்பதே அவர் கற்ற பாடம்.

நிமிடங்களின் கனத்தை அவர் உணர்ந்த இன்னொரு நாள் 1885இல் வந்தது. தந்தையின் உடல்நிலை மோசமாக இருந்த இரவு அது. சிற்றப்பா வந்து பணிவிடைப் பொறுப்பை ஏற்றுக்கொள்ள, மோகன்தாஸ் தம் அறைக்குச் சென்றார். ஐந்தாறு நிமிடங்களுக்குள் வேலைக்காரர் கதவைத் தட்டினார். தந்தை இறந்துவிட்டிருந்தார். அந்தச் சில நிமிடங்கள் அருகில் இல்லாமல் போன வேதனை வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை.

லண்டனில் தங்கச் சங்கிலி

1888 செப்டம்பரில் சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே ஆங்கிலேயக் கனவானைப்போல் ஆக வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. பத்துப் பவுன் செலவழித்து மாலை நேர உடை தைத்துக்கொண்டார். நடன வகுப்பில் சேர்ந்தார், வயலின் வாங்கினார். ஊரிலிருந்த அண்ணனைக் கேட்டு, கடிகாரத்துக்கு இரட்டைவடத் தங்கச் சங்கிலி ஒன்றையும் வரவழைத்தார்.

அந்தக் காலத்தில் பாக்கெட் கடிகாரம் நேரம் பார்ப்பதற்கு மட்டும் அல்ல. கோட்டுக்குள் அணியும் கைகளற்ற மேல்சட்டையின் குறுக்கே தொங்கும் சங்கிலிதான் ஒருவரின் அந்தஸ்தைக் காட்டியது. இன்று சிலர் கையில் வைத்திருக்கும் கைப்பேசி என்ன ரகம் என்று பார்க்கிறோமே, அதைப் போலத்தான்.

இந்த மோகம் ஏறக்குறைய மூன்று மாதம் நீடித்தது. பிறகு அவர் தம்மைத் தாமே நிறுத்திக் கேள்வி கேட்டுக்கொண்டார். படிக்க வந்தவன் படிக்க வேண்டும் என்று தெளிந்தார். நடனமும் வயலினும் போயின. ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். காசுக்குக் கணக்கு எழுதிய அந்தப் பழக்கம் பின்னாளில் நிமிடத்துக்குக் கணக்குப் பார்க்கும் பழக்கமாகவும் வளர்ந்தது. 1891 ஜூனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று நாடு திரும்பினார்.

திருப்பிக் கொடுத்த பரிசுகள்

1893இல் வழக்கு ஒன்றுக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றவர் அங்கேயே மக்கள் தொண்டில் இறங்கினார். 1901இல் நாடு திரும்பப் புறப்பட்டபோது நேட்டால் இந்தியர்கள் தங்கம், வெள்ளி, வைரம் என்று பரிசுகளைக் குவித்தார்கள். அன்றிரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை. எளிமையைப் பிறருக்குச் சொல்லிக்கொண்டே தங்கக் கடிகாரமும் தங்கச் சங்கிலியும் அணிவது எப்படி என்ற கேள்வி குடைந்தது. விடிவதற்குள் முடிவெடுத்தார். கஸ்தூர்பாவுக்கு உடன்பாடு இல்லை, கண்ணீர் விட்டார். இருந்தும் எல்லாப் பரிசுகளும் சமூகத்தின் பொது நிதிக்குப் போய்ச் சேர்ந்தன.

1910இல் ஜொகானஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கினார். அவருடைய நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலம் அது. சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. அவர்களில் தமிழர்கள் பலர். பண்ணையிலிருந்து நகரத்துக்கு 21 மைல். சொந்த வேலையாகப் போகிறவர்கள் நடந்தே போக வேண்டும் என்பது விதி. அதிகாலை 2 மணிக்கு எழுந்து, 2.30க்குக் கிளம்புவார்கள். ஆறேழு மணி நேரத்தில் நகரம் சேர்வார்கள். மிகக் குறைந்த நேரம் 4 மணி 18 நிமிடம் என்று தம் நூலில் குறித்து வைத்திருக்கிறார் காந்தி. சுமார் நாலரை மணி நேரம் என்று அவர் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

விடியுமுன் எழுந்து ஜொகூர் பாரு பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பெற்றோரைக் கொண்ட மாணவர்களுக்கு அந்த 18 நிமிடத்தின் அருமை தெரியும்.

பாக்கெட் இல்லாத பாக்கெட் கடிகாரம்

1915 ஜனவரியில் இந்தியா திரும்பினார். ஆசிரம வாழ்க்கை தொடங்கியது. அதிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். பிரார்த்தனை, நூற்பு, சாப்பாடு, உறக்கம் எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்கப்பட்டிருக்கும்.

1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. மேலமாசி வீதியில் தங்கியிருந்த அவர், ஏழை விவசாயிகளைப்போல் இடுப்பு வேட்டி மட்டும் உடுத்துவது என்று முடிவு செய்தார். சட்டையும் தொப்பியும் போயின. சட்டை போனதும் சட்டைப் பையும் போய்விட்டது. கடிகாரத்தை எங்கே வைப்பது? இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டார். லண்டனில் தங்கச் சங்கிலியில் தொங்கிய கடிகாரம் இப்போது வேட்டி ஓரத்துக்கு வந்து சேர்ந்தது. அலங்காரமாக இருந்த ஒன்று கைத்தடியைப்போல் ஒரு கருவியாகிவிட்டது.

அந்தக் கடிகாரம் எவ்வளவு சரி?

காந்தியடிகளின் பெயரோடு சேர்ந்து பேசப்படுவது இங்கர்சால் கடிகாரம். அமெரிக்காவின் இங்கர்சால் சகோதரர்கள் 1896இல் ஒரு டாலருக்குப் பாக்கெட் கடிகாரம் விற்கத் தொடங்கினார்கள். அதுவரை கடிகாரம் என்பது வசதியுள்ளவர்களின் பொருள். ஒரு டாலர் கடிகாரம் வந்த பிறகு தொழிலாளியும் விவசாயியும் வாங்க முடிந்தது. கோடிக்கணக்கில் விற்றது.

விலை குறைந்ததற்குக் காரணம் உள்ளே இருந்தது. உயர்ந்த கடிகாரங்களில் சக்கரங்களின் அச்சு முனைகள் ஜுவல் எனப்படும் சிறு சிவப்புக் கற்களின் மேல் சுழலும். 15 கல், 17 கல் என்று சொல்வது அதைத்தான். கல்லின் மேல் உராய்வு குறைவு; தேய்மானமும் குறைவு. மலிவுக் கடிகாரத்தில் கற்கள் இருக்காது. உலோகத்தின் மேல் உலோகமே சுழலும். அதனால் சீக்கிரம் தேயும், நேரமும் பிசகும்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். பெரும்பாலான பழைய பாக்கெட் கடிகாரங்களுக்குள் ஒரு சிறு சக்கரம் முன்னும் பின்னுமாக அசைந்துகொண்டே இருக்கும். ஒரு வினாடிக்கு 5 துடிப்பு. ஒரு நாளில் 86,400 வினாடி. அப்படியானால் ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்பு. நாளுக்கு ஒரு நிமிடம் பிசகும் கடிகாரத்தை நாம் மோசம் என்போம். ஆனால் ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். அதில் பிழை ஒன்றே ஒன்று. தேர்வில் மதிப்பெண்ணாகப் போட்டால் 99.93 விழுக்காடு!

மிகச் சிறந்த கடிகாரங்கள் இதையும் தாண்டின. 1891இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கிப்டன் என்ற ஊருக்கருகே இரண்டு ரயில்கள் மோதிப் பலர் மாண்டனர். ஓர் ஓட்டுநரின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று, பிறகு தானே ஓடத் தொடங்கியதே காரணம் என்று சொல்லப்பட்டது. அதன்பின் வெப் பால் என்ற கடிகார வணிகர் ரயில்வே ஊழியர்களின் கடிகாரங்களுக்குக் கடுமையான தரத்தை வகுத்தார். ஒரு வாரத்தில் 30 வினாடிக்கு மேல் பிசகக் கூடாது. வாரத்துக்கு 6,04,800 வினாடி என்பதால், இது ஏறத்தாழ 20,000இல் ஒரு பங்குப் பிழை. கையால் முறுக்கும் ஒரு சிறு இயந்திரத்துக்கு இது பெரிய சாதனை.

நூறு ஆண்டு பழைய கடிகாரத்திடம் இன்று எதை எதிர்பார்க்கலாம்? நல்ல தரமான கடிகாரத்தைத் தேர்ந்த கைவினைஞர் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் இட்டால், நாளுக்கு ஒரு நிமிடத்துக்குள் ஓடினால் நன்று; அரை நிமிடத்துக்குள் ஓடினால் மிக நன்று. மலிவான டாலர் கடிகாரம் நாளுக்குச் சில நிமிடம் முன்னே பின்னே போகும். வெயில், குளிர், படுக்க வைப்பது, தொங்கவிடுவது, முறுக்கு தளர்வது, எண்ணெய் காய்வது, காந்தம் ஏறுவது எல்லாமே அதைப் பாதிக்கும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. தினமும் தவறாமல் இரண்டு நிமிடம் முந்தும் கடிகாரத்தை நம்பலாம். இரண்டு நிமிடத்தைக் கழித்துக்கொண்டால் போதும். ஒரு நாள் முந்தி, மறுநாள் பிந்தும் கடிகாரத்தை நம்ப முடியாது. கடலில் தாம் இருக்கும் இடத்தை அறிய மாலுமிகள் பயன்படுத்திய கடிகாரங்களுக்கும் இதே விதிதான். பிழை இருக்கலாம், அந்தப் பிழை தெரிந்ததாகவும் மாறாததாகவும் இருக்க வேண்டும்.

எனவே மலிவுக் கடிகாரத்தை வைத்திருப்பவர் மூன்று வேலை செய்ய வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுக்க வேண்டும். நம்பத்தக்க பெரிய கடிகாரம் ஒன்றோடு ஒப்பிட வேண்டும். பிசகியிருந்தால் உடனே திருத்த வேண்டும். இதைச் செய்கிறவரிடம் ஒரு டாலர் கடிகாரமும் போதுமானது. செய்யாதவரிடம் தங்கக் கடிகாரமும் பொய்தான் சொல்லும்.

குறித்த நாளில் குறித்த ஊரில்

காந்தியடிகள் தம் பொதுவாழ்விலும் இந்த ஒழுங்கையே கடைப்பிடித்தார். உப்புச் சத்தியாக்கிரகத்தைப் பாருங்கள். 1930 மார்ச் 12ஆம் நாள் காலை 6.30 மணிக்கு, 78 தொண்டர்களுடன் சபர்மதி ஆசிரமத்திலிருந்து நடக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 60. எந்த நாள் எந்த ஊர் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 385 கிலோமீட்டர். 24 நாள் நடந்து ஏப்ரல் 5இல் தண்டி கடற்கரையை அடைந்தார். மறுநாள் காலை உப்பை அள்ளினார். ஊரூராக மக்கள் காத்திருந்தார்கள். தாமதமாகப் போவது அவர்களுடைய நேரத்தைத் திருடுவதற்குச் சமம் என்பது அவருடைய எண்ணம்.

1942 ஜூனில் சேவாகிராம ஆசிரமத்தில் ஒரு வாரம் தங்கிய அமெரிக்கப் பத்திரிகையாளர் லூயி பிஷர், காந்தியடிகள் தமக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கியதைப் பதிவு செய்திருக்கிறார். நேரம் முடிந்ததும் பேச்சும் முடிந்துவிடும். வந்தவர் முக்கியமானவர் என்பதற்காக அடுத்தவருக்குரிய நேரம் குறையாது.

திருடு போய்த் திரும்பிய கடிகாரம்

பிற்காலத்தில் அவரிடம் சுவிட்சர்லாந்தின் ஜெனித் நிறுவனம் செய்த பாக்கெட் கடிகாரம் ஒன்றும் இருந்தது. அதிகாலையில் எழுப்பும் அலார மணி உள்ளது. நேருவின் மகள் இந்திரா கொடுத்த பரிசு அது. 1947இல் ரயில் பயணத்தின்போது கான்பூரில் யாரோ அதைத் திருடிவிட்டார்கள். பொருளாசை இல்லாதவர் அதற்காக வருந்தினார். காரணம், அது அவருக்கு ஒரு நகை அல்ல. அன்றாட வேலைக்கான கருவி. சில மாதங்களுக்குப் பின் திருடியவரே வந்து கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். காந்தியடிகள் மன்னித்தார்.

2009 மார்ச்சில் அந்தக் கடிகாரம் அவருடைய கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு ஆகியவற்றுடன் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. இந்தியத் தொழிலதிபர் ஒருவர் 18 லட்சம் அமெரிக்க டாலருக்கு அவற்றை வாங்கினார். அந்த விலை உள்ளே ஓடும் இயந்திரத்துக்குக் கொடுக்கப்பட்டதல்ல.

கடைசித் தாமதம்

1948 ஜனவரி 30. டில்லி பிர்லா மாளிகை. மாலை 5 மணிக்குப் பிரார்த்தனை. 4 மணிக்கு சர்தார் படேல் வந்து பேசத் தொடங்கினார். நாட்டின் தலைமையில் பிளவு வந்துவிடக் கூடாது என்ற கவலையான பேச்சு. மணி 5ஐத் தாண்டியது. பேத்தி முறையான ஆபா கடிகாரத்தை எடுத்துக் காட்டினார். காந்தியடிகள் கவனிக்கவில்லை. படேலின் மகள் மணிபென் குறுக்கிட்ட பிறகே எழுந்தார்.

ஆபாவும் மனுவும் இருபுறமும் தாங்கிவர, புல்வெளியைக் குறுக்காகக் கடந்து விரைந்தார். கடிகாரத்தை நீங்கள் பார்ப்பதே இல்லை என்று ஆபா கேலி செய்தார். எனக்கு நேரம் காட்ட நீங்கள் இருக்கும்போது நான் எதற்குப் பார்க்க வேண்டும் என்ற பொருளில் அவரும் சிரித்தபடி பதில் சொன்னார். பிறகு குரல் மாறியது. பிரார்த்தனைக்கு ஒரு நிமிடம் தாமதமானாலும் தமக்கு வேதனை என்றார். தம்மை இடைமறித்து எழுப்பாதது அவர்களுடைய கடமையில் நேர்ந்த தவறு என்று கடிந்துகொண்டார். சில அடிகளில் மேடை. மணி 5.17. கோட்சேயின் மூன்று குண்டுகள் பாய்ந்தன.

ராஜ்கோட்டில் மேகம் ஏமாற்றித் தாமதமாகச் சென்ற சிறுவன், தாமதத்துக்காக வருந்திய அந்த நடையில் தன் பயணத்தை முடித்துக்கொண்டான்.

நம் வீட்டுக் கடிகாரம்

குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைய பேர் போகும்; கூலியும் போகும். பெரும்பாலோர் கையில் கடிகாரம் இல்லை. நேரம் தோட்ட மணியிடமும் அலுவலகத்திடமும் இருந்தது. தன் நேரத்தைத் தானே அறிய முடியாதவன், தன் பக்கத்து உண்மையை நிரூபிக்கவும் முடியாதவனாகிறான். மோகன்தாஸ் பதின்ம வயதில் அழுதது அதற்குத்தான். சேமித்த பணத்தில் ஒரு கடிகாரம் வாங்கிய தாத்தாவுக்கு அது ஏன் பொக்கிஷமாக இருந்தது என்பதும் இப்போது புரியும்.

அப்படி ஒரு பழைய கடிகாரம் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், முதலில் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். எண்ணெய் காய்ந்த இயந்திரத்தை முறுக்கி ஓட்டுவது ஆபத்து. ஓடத் தொடங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். காலை 7 மணிக்குக் கைப்பேசியைப் பார்த்து நேரம் வைத்து, சாவி கொடுங்கள். மறுநாள் அதே 7 மணிக்கு எத்தனை வினாடி முந்தியது, பிந்தியது என்று குறியுங்கள். முள்ளைத் திருத்தாமல் ஏழு நாள் எழுதுங்கள். தினமும் கூடும் வேறுபாடு ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால், கடிகாரம் நல்ல நிலையில் இருக்கிறது. அது எத்தனை நிமிடம் பிசகினாலும் கவலையில்லை.

அதே ஏழு நாளும் பக்கத்திலேயே இன்னொரு வரிசை எழுதுங்கள். பள்ளிக்கோ கல்லூரிக்கோ, நண்பரைச் சந்திக்கவோ, வீட்டுக்கு வருவதாகச் சொன்ன நேரத்துக்கோ நீங்கள் எத்தனை நிமிடம் பிந்தினீர்கள் என்பதுதான் அந்த வரிசை. வார முடிவில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.